நாய் நிற்கும் கட்டில்

நாய் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் வாய்தான். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் கண்காணிப்பாளர், வெளியூர் ஆஸ்பத்திரிகளில் பழக்கிய நாய்களை வார்டுக்குள் அழைத்து வருகிறார்களாம், நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் மனசு லேசாகிறதாம், நாமும் செய்து பார்க்கலாமே என்றார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் தாங்காமல், “எங்க தெருவுல கூட ஒரு நாய் இருக்கு சார், ரொம்ப சாது” என்று சொல்லித் தொலைத்தேன். “அப்ப நீங்களே பாத்துக்குங்க” என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. அங்கே நான் நோயாளர் தொடர்பு அலுவலர். பெயர்தான் பெரிது. கேண்டீன் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதிலிருந்து காப்பீட்டு ஒப்புதல் ஏன் இன்னும் வரவில்லை என்பது வரைக்கும், யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் என் மேஜை. காலையில் கூடுவாஞ்சேரியில் ரயிலில் ஏறி நின்றுகொண்டே செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். அதற்கு மேல் ஒரு நாய்.

நாயை ஆஸ்பத்திரிக்குள் அழைத்து வருவது சும்மா இல்லை. கால்நடை மருத்துவரின் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முதல் நாள் குளிப்பாட்டினார்களா, நகம் வெட்டினார்களா என்று ஒரு பட்டியல். எந்த லிஃப்டில் ஏற வேண்டும், பின்னாலேயே யார் தரையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும், எந்த வார்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று இன்னொரு பட்டியல். தொற்றுத் தடுப்புக் குழு மட்டும் என்னை ஏழு முறை அலைய விட்டது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எங்கள் தரைத்தளத்தில் தினமும் நீளமாக நிற்கிற வரிசை நாய்க்கடி ஊசி வரிசை. கையில் கட்டோடு ஊசிக்கு நிற்கிறவர்கள் கண் முன்னால் ஒரு நாயை ராஜமரியாதையோடு மாடிக்கு அழைத்துப் போக முடியுமா? அதனால் சமையலறைப் பக்கத்துப் பின்வாசல் வழி என்று முடிவு செய்தேன். முதல் நாள் அந்த வாசலில் நின்ற காவலாளி, நாயையும் அதைப் பிடித்து வந்த பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கட்ச்ச நாயயும் கூட்டினு வரணும்னு இப்ப ரூல் போட்டுட்டாங்களா?” என்று கேட்டு, இருவரையும் ஊசி வரிசைக்கே அனுப்பிவைத்தான். வரிசை கலைந்து ஓடியதைச் சமாளிக்க எனக்கு அரை மணி ஆனது.

எங்கள் தெரு நாய் எந்தப் பட்டியலிலும் தேறாததால், பழக்கிய நாய் வைத்திருப்பவள் என்று விசாரித்து நான் பிடித்த அந்தப் பெண் சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். புதன்கிழமைகளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நாயைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, கடற்கரைச் சாலை வழியாக வருவாள். நாய் எட்டு வயதுப் பெட்டை. பாதி லாப்ரடார், மீதி எதுவென்று அவளுக்கே தெரியாது. வெளிர் பழுப்பு நிறம், தொங்கிய காது, எதற்கும் அவசரப்படாத நடை. சொன்னால் சிரிப்பீர்கள், அதன் முகத்தில் எனக்குப் பிடித்ததே அந்தக் களைப்புதான்.

“ஒரு தடவைக்கு எட்டு பெட்தான் மேடம். முக்கால் மணி நேரம். கொட்டாவி விட ஆரம்பிச்சா, முகத்த திருப்பிக்கிட்டா, அவளால முடியலன்னு அர்த்தம். அப்ப யார் கேட்டாலும் நான் கிளம்பிடுவேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். முடியவில்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிடலாம் என்கிற வேலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பொறாமையாக இருந்தது.

எட்டுக் கட்டில்கள் எவை என்று தீர்மானிப்பது என் வேலை. கண்காணிப்பாளர் மூன்றாவது மாடியிலிருந்து தொடங்கச் சொன்னார். மூன்றாவது மாடியின் ஒரு பாதியில், இனிமேல் பெரிய சிகிச்சை எதுவும் இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறவர்கள் இருப்பார்கள். மறுபாதியில் நாள்பட்ட வயிறு, ஈரல் கேஸ்கள். பார்க்க வித்தியாசமே தெரியாது, ஒரே நீளமான வார்டுதான். நான் செவ்வாய்க்கிழமைதோறும் பொறுப்பு சிஸ்டரிடம் போய், யார் அதிகம் துவண்டு கிடக்கிறார்கள் என்று கேட்டு எட்டு எண்களை எழுதிக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய், துணைக்கு இருக்கும் உறவுக்காரரிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவேன்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. நாய் கட்டிலோரம் போய் நிற்கும். படுத்திருப்பவர் கையை நீட்டினால் தாடையைப் போர்வை மேல் வைத்துக்கொள்ளும், நீட்டாவிட்டால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். செங்கல்பட்டில் மளிகை மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், “நாய் பட்டா தொழுகைக்குத் துணி மாத்தணும்மா, நான் தூரத்துல இருந்தே பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, நாய் வார்டை விட்டுப் போகும் வரைக்கும் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்த புதன்கிழமை நாய் எத்தனை மணிக்கு வரும் என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

பிறகு படிவத்தில் கையெழுத்து விழுவது நின்றுபோனது. “வேணாம் மேடம், இவருக்கு ஆவாது” என்றார்கள். “அவங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் கீது, நாயெல்லாம் எதுக்கு?” என்றார்கள். ஒரு புதன்கிழமை நாங்கள் வார்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து, தன் புருஷன் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அவள் புருஷன் பெயர் அன்றைய பட்டியலிலேயே இல்லை. அடுத்த கட்டிலிலும் திரை விழுந்தது. நாங்கள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் திரைகள் மூடிக்கொண்டே வந்தன. சிறுசேரிப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்னால் தரை துடைத்துக்கொண்டு வந்த ஆயாம்மாதான் லிஃப்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திச் சொன்னார்.

“உங்களுக்கு மெய்யாலுமே தெரியாதா மேடம்? நாயி எந்த பெட்டாண்ட நிக்குதோ அந்த பெட்டு சீக்கிரம் காலியாவுதுன்னு மாடி பூரா பேசிகினு கீறாங்க. போன மாசம் அது பாத்தவங்கள்ல இப்ப எவ்ளோ பேரு கீறாங்க, நீங்களே எண்ணிப் பாருங்க.”

எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சாகப்போகிறவர்களாகப் பார்த்துப் பட்டியல் போட்டது நான்தான். நாய் அவர்களிடம் போனது, அவர்கள் போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு என்ன தெரியும்? அன்று மத்தியானம் என் மேஜையில் உட்கார்ந்து என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்கவில்லை. பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

ஏனென்றால் எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. பெரிய நோய் என்றால் டாக்டர் முதலில் மகனையோ மனைவியையோ அறைக்குள் கூப்பிடுவார். அவர்கள் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, “புண்ணுதானாம், மாத்திரையிலயே ஆறிடுமாம்” என்பார்கள். கேஸ் ஷீட்டில் இதையெல்லாம் எழுத முடியாது. ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரின் காதில், “பதினாலாம் நம்பருக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒரு மாடி நிறைய ஆட்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை, நான் ஒரு நாயை விட்டு ஒவ்வொரு கட்டிலாக அடையாளம் காட்டியிருக்கிறேன்.

பட்டியலை மாற்றினேன். கடற்கரைச் சாலையில் பைக்கில் பறந்து கால் ஒடிந்தவர்கள் படுத்திருக்கும் எலும்பு வார்டில் நான்கு கட்டில், மூன்றாவது மாடியில் இரண்டு கட்டில், மீதி நேரம் ஊழியர்களுக்கு என்று வைத்தேன். ஊழியர்களுக்கும் என்று கண்காணிப்பாளர் தொடக்கத்திலேயே சொன்னதுதான். நோயாளிகளையே சமாளிக்க முடியாதபோது இவர்களுக்கு வேறா என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதுவும் என் தப்பு. சிஸ்டர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் அவர்கள் டிபன் டப்பா வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே நாயைக் கொண்டுபோய் விட்டோம். முதல் நாள் பொறுப்பு சிஸ்டர்தான் வந்தார். முந்தின நாள் ஆள் வராததால் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நாயின் முதுகில் கை வைத்தார். இரண்டு நிமிஷத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். நாய் அசையாமல் இருந்தது. அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று அப்போது தோன்றியது.

எலும்பு வார்டில் நாயோடு செல்ஃபி எடுத்தார்கள், காலில் போட்ட மாவுக்கட்டின் மேல் அதன் படத்தை வரைந்தார்கள், நடந்தே வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் மூன்றாவது மாடியில் பேச்சு அடங்கவில்லை. ஒருமுறை கிளம்பிவிட்ட பேச்சைப் படிவம் அடித்து நிறுத்த முடியாது.

இந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். சிங்கப்பெருமாள் கோயில்காரர், ஐம்பத்தெட்டு வயது. அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டியவர். வயிற்றில் ஆரம்பித்து ஈரல் வரைக்கும் பரவிவிட்டிருந்தது. அவர் மனைவி கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தவர், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். சேர்த்த மறுநாளே சிஸ்டர் என் காதிலும் போட்டுவைத்தார்: “ஒன்பதாம் நம்பருக்குத் தெரியாது. புண்ணுன்னு சொல்லியிருக்காங்க.”

முதல் புதன்கிழமை நாய் வார்டைத் தாண்டிப் போனபோது, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மேடம், அத்த கொஞ்சம் இங்க இட்டாங்களேன்” என்றார். அதிகாலை ஷிப்டுக்கு ஆட்கள் வரும்வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பாராம். தெரு நாய்கள் பத்துப் பன்னிரண்டு அவர் பஸ்ஸைச் சுற்றியே கிடக்குமாம். “டூட்டிக்கு வர்ற பசங்கள விட அதுங்கதான் டைமுக்கு வரும்.” அடுத்த வாரம் வரும் என்று சொல்லி, பெயரை எழுதிக்கொண்டேன். பக்கத்தில் அவர் மனைவி போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் திரும்பி என் அறைக்கு வருவதற்குள் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

“நீங்க அவருக்கு நாய இட்டுகினு வரக்கூடாது மேடம்.”

“அவர்தானம்மா கேட்டாரு.”

“அவருக்கு இன்னா தெரியும்? வயித்துல புண்ணு, ஆறினதும் வண்டி எடுக்கலாம்னு சொல்லி வெச்சிகீறோம். அந்த நெனப்புலதான் ரெண்டு வாய் சோறு துன்றாரு. இந்த மாடில நாய் வந்து நின்னா இன்னா அர்த்தம்னு பக்கத்து பெட்காரன் வரைக்கும் தெரியும். அவருக்குத் தெரிஞ்சிச்சின்னா சோத்த தள்ளிடுவாரு மேடம். அப்புறம் நான் இன்னா பண்றது?”

அவர் அழவில்லை. நான் படிவத்தை மேஜைக்குள் வைத்துவிட்டேன். போகும்போது, “நான் வந்து சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். இதுவும் என் தலையில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி கேண்டீனுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஒன்பதாம் நம்பரிடம் போனேன். நாய் முடியினால் ஒவ்வாமை வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் அண்ணா, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம். ஆனால் அவர் சிரித்தார்.

“அவ கையெழுத்து போட மாட்டேன்ட்டாளா?”

நான் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

“எனக்குத் தெரியும் மேடம்” என்றார். “இருவது வருசம் வண்டி ஓட்னவன். கண்ணாடில பின்னாடி உக்காந்துகினு கீறவன் மூஞ்சிய பாத்தே எவன் வேலைய வுடப் போறான்னு சொல்லுவேன். டாக்டர் மூஞ்சி எனக்குத் தெரியாதா? வந்த அன்னிக்கே தெரியும்.”

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காலும் வலித்தது.

“அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார் அவரும். “எனக்குத் தெரியலன்ற தைரியத்துலதான் அவ எழுந்து ஓடிகினு கீறா. பால் வாங்கறா, இட்லி வாங்கறா, டாக்டர்கிட்ட சண்ட போடறா. எனக்குத் தெரிஞ்சிட்சின்னு தெரிஞ்சா அப்டியே உக்காந்துடுவா. அதுக்காவத்தான் புடிக்குதோ புடிக்கலயோ சோத்த துன்னுகினு கீறேன். நாயப் பத்தி இந்த மாடில பேசிக்கறது எனக்கும் இப்பதான் காதுல வுழுந்துச்சி, அது என் பெட்டாண்ட வந்துச்சின்னா எல்லாம் பூடும். வேணாம் மேடம். ஆசையாத்தான் கீது, ஆனா வேணாம்.”

சும்மா இருக்க முடியாமல், இது உங்கள் விருப்பம்தானே அண்ணா, நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே படிவத்தை எடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

“நான் போடறதுக்கு இதுல எடமே இல்லியே” என்றார்.

இல்லைதான். நோயாளியின் பெயர், கட்டில் எண், உறவினர் பெயர், உறவுமுறை, உறவினர் கையெழுத்து. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். நோயாளியும் ஒரு கையெழுத்துப் போடலாம் என்று எனக்கோ, அதைச் சரிபார்த்த நான்கு பேருக்கோ, அத்தனை மாதத்தில் ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இருந்தும் களைப்பு தீரவில்லை. புருஷனுக்குத் தெரியக்கூடாது என்று பெண்டாட்டியும், தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியக்கூடாது என்று புருஷனும், இரண்டு பேரும் என்னிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வாய்த்த வேலை இது. ஊரார் ரகசியத்தையெல்லாம் சுமந்துகொண்டு கூடுவாஞ்சேரியில் இறங்கி, காய்கறி வாங்கி, வீட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காத மாதிரி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

ரயில் மறைமலை நகரைத் தாண்டும்போதுதான் டிபன் டப்பா அறை நினைவுக்கு வந்தது. நாய் அங்கே வருவது ஊழியர்களுக்காக. அங்கே கட்டில் கிடையாது. கட்டில் இல்லாத இடத்தில் நாய் நின்றால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

மறுநாள் காலை பொறுப்பு சிஸ்டரிடம் சொன்னேன். அவர், “பன்னிரண்டரைக்கு அந்தம்மா கேண்டீன் போவாங்க. ஒரு மணிக்கு வந்துருவாங்க” என்றார். ஊழியர் நேரத்தைப் பன்னிரண்டரைக்கு மாற்றினோம். ஆயாம்மா சக்கர நாற்காலி தள்ளுவதாகச் சொன்னார். சிறுசேரிப் பெண்ணிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கையெழுத்து இல்லாமல் செய்யலாமா என்று அவள் கேட்டாள். கூடாது என்றேன். அவள் தலையாட்டினாள். கூடாத ஒரு காரியத்துக்கு நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டோம்.

அடுத்த வாரப் புதன்கிழமை நாய் எலும்பு வார்டை முடித்துவிட்டு வரும்போதே சோர்ந்திருந்தது. “பத்து நிமிஷம்தான் மேடம்” என்றாள் அவள். ஆயாம்மா அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மடியில் ஆஸ்பத்திரியின் வெள்ளைப் போர்வை.

அவர் நாயைக் கொஞ்சுவார், கண்கலங்குவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. கையைக் கீழேயிருந்து நீட்டி மோந்து பார்க்கவிட்டார். பிறகு ஒரு காதைத் திருப்பி உள்ளே பார்த்தார். இன்னொரு காதைப் பார்த்தார். முன்னங்காலைத் தூக்கி விரல் சந்துகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். வண்டி எடுப்பதற்கு முன் டயரைப் பார்ப்பவர் மாதிரி அத்தனை நிதானம்.

“உண்ணி கிண்ணி ஒண்ணும் இல்ல. நல்லா வெச்சிகினு கீறம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது. நாய் அவர் மடியில் தலையை வைத்தது, கொட்டாவி விட்டது. அந்தப் பெண் கொட்டாவியைப் பார்த்தாள், கிளம்பவில்லை.

நான் அறைக்கு வெளியே காவலுக்கு நின்றேன். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அப்போது அவர் மனைவி படியேறி வந்தார், கையில் பார்சல். காலியான கட்டிலைப் பார்த்திருக்க வேண்டும், நேரே என்னிடம் வேகமாக வந்தார்.

“எங்க இட்டுகினு போனாங்க அவர?”

“ஸ்கேனுக்கும்மா” என்றேன். ஸ்கேன் எடுக்கும் இடம் தரைத்தளத்தில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

கதவின் மேல்பாதி கண்ணாடி. அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் மறைத்துக்கொண்டு நிற்பதற்குள் பார்த்துவிட்டார். உள்ளே அவர் புருஷன் குனிந்து நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததுண்டு. ஆனால் அது எனக்காகவோ மனைவிக்காகவோ சிரித்தது. இது அப்படி இல்லை. அந்த அம்மா எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது கத்தப்போகிறார், இரண்டு பேரிடமும் நான் காப்பாற்றியது எல்லாம் இந்த நடைபாதையிலேயே கொட்டப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“ஸ்கேன்னா லேட்டாவும் இல்ல?” என்றார். “நான் போயி இன்னொரு டீ குட்ச்சிட்டு வரேன்.”

பார்சலைப் பிடித்தபடியே படியிறங்கிப் போனார்.

நாய் போன பிறகு அவரைக் கட்டிலில் கொண்டுவந்து விட்டோம். ஒன்றேகாலுக்கு அந்த அம்மா வந்தார். நான் இரண்டு கட்டில் தள்ளி ஏதோ எழுதுகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைப் போர்வையில் பழுப்பு முடி நன்றாகவே தெரிந்தது. அந்த அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார். கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போர்வயே மாத்தறது இல்ல இந்த சிஸ்டருங்க” என்றார் அவர்.

“அவங்களுக்கு எங்க நேரம்” என்றார் மனைவி. “இட்லி கீது. துன்றியா?”

“குடு.”

அந்த வாரம் முழுக்க நான் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் தப்பித்துக்கொண்டு திரிந்தேன். யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள் என்று பயம். யாரும் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்த அம்மா ஓடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை சிஸ்டர் மட்டும் சொன்னார், “ஒன்பதாம் நம்பர் வீட்டம்மா நேத்து பகல்ல ஒரு மணி நேரம் தூங்கினாங்க மேடம். வந்ததுலேர்ந்து இப்பதான் பாக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம் அந்த அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மேஜையில் இருந்த காகிதங்களைப் பார்த்துக் கேட்டார்.

“நாளைக்கு நான் எத்தினி மணிக்கு மேடம் கேண்டீனுக்குப் போவணும்?”

பையைத் திரும்ப மேஜையில் வைத்தேன். “பன்னிரண்டரைக்கும்மா” என்றேன்.

“ஒண்ணேகால் வரைக்கும் கீழயே இருக்கறேன். போதுமா அவருக்கு?”

போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒன்றரைக்கு வாங்க” என்றேன்.